தீக்குச்சி வாசனைப் பால்

காலையில் எண்ணியபோது பதினொரு செடி இருந்தது. இப்போது பதினொரு அடிக்கட்டைதான் இருந்தது. ஒவ்வொன்றும் விரல்கடை உயரம், நுனியில் பல் பட்ட ஈரம்.

உம்முஹான் மண்டியிட்டு மறுபடி எண்ணினாள். எண்ண எண்ண முளைத்துவிடும் என்பதுபோல எண்ணினாள். பக்கத்துப் பாறையில் நின்ற கருப்பு ஆடு அவளைப் பார்த்தபடியே தாடையை அசைத்தது. அதன் வாயோரத்தில் ஊதாக்கோடு போட்ட பச்சைப் பூ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதையாவது காப்பாற்றலாம் என்று பாய்ந்தாள். ஆடு எந்த அவசரமும் இல்லாமல் நாக்கை நீட்டி அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

"பாவி! ஒண்ணாச்சும் விட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

அரை மணி நேரம்தான். கெச்சிபெலி மேய்ச்சல் மேட்டில் போனுக்கு சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறை உச்சியில்தான். பூத்துவிட்டது என்று பல்கலைக்கழகத்து நெவ்ரா ஹோஜாவுக்குப் படம் அனுப்ப அங்கே ஏறினாள்; ஹோஜா என்றால் இங்கே ஆசிரியர். படம் போய்ச்சேர அவ்வளவு நேரம் பிடித்தது. இறங்கி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கையில் இருந்த போனில் பதில் மட்டும் பளபளத்தது: "பூத்துடுச்சா! நாளைக்கு விடியகாலைல கிளம்பறோம். மத்தியானம் அங்க இருப்போம். தஹ்சின் ஹோஜாவும் வர்றார். ஒரு செடியையும் யாரும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."



இந்த மலையில் காட்டு வெங்காயம் நாலு வகை என்று அவள் பிறந்ததிலிருந்து தெரியும். ஆடு மேய்க்கிற எல்லாருக்கும் தெரியும். இது ஐந்தாவது. இரண்டு வருஷம் முன்னால் அவள் கண்ணில்தான் பட்டது. வேறு யாரும் பார்த்ததில்லை. போன வருஷம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்கு மூன்றைப் பிடுங்கிக்கொண்டு போனாள். வாத்தியார் கையில் கொடுக்கிற பொருளாயிற்றே என்று வேரை வெட்டி, தோலை உரித்து, கழுவி, விருந்தாளிக்குத் தட்டில் வைக்கிற மாதிரி வெள்ளை வெளேரென்று கொண்டுபோனாள். வாத்தியார் அதைக் காயவைத்துக் கொன்யா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் நெவ்ரா ஹோஜா போன் செய்தார்.

"தோல் எங்கம்மா?"

"சுத்தம் பண்ணிட்டேன், ஹோஜா."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. காட்டு வெங்காயத்துக்கு அடையாளமே கிழங்கின் மேல்தோல்தான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தஹ்சின் ஹோஜா என்று ஒருவர் இருந்தார். நாட்டில் இருக்கிற இருநூறு வகை வெங்காயத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். அவர் அந்த மூன்றையும் பார்த்துவிட்டு, "தோலில்லை, பூ வாடியிருக்கிறது, சாதாரண வகைதான், பெட்ரோலை வீணாக்காதே" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நெவ்ரா ஹோஜா விடவில்லை. பூத்தபிறகு தோலோடு காட்டுகிறேன், நீங்களே வந்து பாருங்கள் என்று சவால் விட்டார். துறையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஜீப் வாங்கினார். ஒரு தடவைக்குத்தான் ஜீப். இன்னொரு வருஷம் கிடைக்காது.

உம்முஹான் பதினொரு கட்டையையும் சுற்றிக் கல் அடுக்கினாள். அதை மறைக்கிறாளா காப்பாற்றுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு கட்டையைத் தோண்டிப் பார்த்தாள். கிழங்கு பத்திரமாக இருந்தது. தோலும் இருந்தது, வலை பின்னினாற்போல. பூ மட்டும் ஆட்டின் வயிற்றில் இருந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சாயங்காலம் கறந்தபோது அம்மா ஸெலிஹாவே கண்டுபிடித்தாள். வாளிக்கு மேல் குனிந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏய், எங்கடி மேய்ச்ச? பாலு என்னமோ அடிக்குது."

"வழக்கமான எடந்தாம்மா."

"வெங்காயந் தின்னா வெங்காயம் மாதிரி நாறும். இது தீக்குச்சி கிழிச்ச மாதிரில்ல இருக்கு!"

நாய்க்கு ஊற்றினாள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுக் கூடாரத்துக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தியா, அதுக்கே பிடிக்கல. நாளைக்கு நம்ம முறை. இந்தப் பாலு கலந்து அவங்க பாலும் கெட்டுச்சுன்னா பக்கத்துக் கூடாரத்து ஹூரு என்னை உசுரோட விடமாட்டா. காலைல வேற பக்கம் ஓட்டிட்டுப் போ."

முறை என்றால், மேட்டில் இருக்கிற மூன்று கூடாரமும் தங்கள் பாலைச் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் ஊற்றும். அன்றைய பாலாடைக்கட்டி அந்த வீட்டுக்கு. மறுநாள் அடுத்த வீட்டுக்கு. யார் பாலாவது நாறினால் மொத்த அண்டாவும் போச்சு. அதனால் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு வாளியையும் மோந்து பார்ப்பது வழக்கம். அதைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதும் வழக்கம். ஆனால் எல்லாரும் கோபித்துக்கொள்வார்கள்.

மறுநாள் உம்முஹான் ஆடுகளை மேற்குச் சரிவுக்கு ஓட்டினாள். பதினொரு மணிக்குத் திரும்பிக் கறந்தாள். பால் சுத்தமாக இருந்தது, நேற்றைய வாசனையின் சாயல்கூட இல்லை. ஜீப் எந்த நேரமும் வரும். என்ன சொல்வது? யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்றா? மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றா? ஜூலையில் ஏது மழை? கடற்கரையில் வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் அப்பா, என் மகள் புது வெங்காயம் கண்டுபிடித்தாள் என்று டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இனி அந்த டீக்கடையில் அவர் எப்படி உட்காருவார்?

ஹூரு அக்கா வாளியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர் சத்தில்மிஷ் இன்னொரு வாளியோடு வந்தார். பெரிய மீசை, அமைதியான மனுஷன். எதைக் கேட்டாலும் தோளைக் குலுக்குவார்.

ஸெலிஹா அண்டாவுக்கு முன் நின்று இரண்டு வாளியையும் மோந்தாள். புருவம் மேலே போனது.

"ஹூரு, இதை ஊத்த முடியாது."

"ஏன், என்ன கேடு?"

"தீக்குச்சி வாசம்."

"நேத்து உம் பாலு நாறுச்சுன்னு ஊரே சொல்லுது. அந்த வாசம் உம் மூக்குலயே தங்கிடுச்சு. மூக்கைக் கழுவிட்டு வா!"

"எம் மூக்கு நல்லாத்தான் இருக்கு. உன் வீட்டு வாளியைக் கழுவு!"

"யாரு வாளி? எங்க வாளியா? தண்ணிக்கு ரெண்டு மைல் நடந்து தேச்சுட்டு வரேன் நான்! உன்னை மாதிரி சாம்பலை ஊதிட்டுக் கவுத்து வைக்கிறவ இல்ல!"

உம்முஹான் ஒரு விரலை அந்தப் பாலில் நனைத்து நாக்கில் வைத்தாள். தீக்குச்சி. சந்தேகமே இல்லை. நேற்று அடித்த அதே வாசனை. மற்ற நாலு வெங்காயத்தில் எதைத் தின்றாலும் பால் வெங்காயமாகத்தான் நாறும்.

ஹூரு அக்காவின் ஆடுகள் உம்முஹானின் சரிவுக்கு வருவதே கிடையாது. நடுவில் ஒரு பள்ளத்தாக்கே இருக்கிறது. அப்படியானால் இவை எதைத் தின்றன?

"ஹூருக்கா, உங்க ஆடு நேத்துலருந்து எங்க மேஞ்சுது?"

"ஏன், நீ போலீஸா? இவருகிட்ட கேளு."

சத்தில்மிஷ் தோளைக் குலுக்கினார். "கீழ ஊத்துப்பக்கம். எப்பவும் போல."

"ஊத்துப்பக்கம் வெங்காயமே கிடையாது மாமா."

"அப்ப இல்ல."

"அப்ப பாலு ஏன் நாறுது?"

"பாலுதானே. நாறும்."

அப்போதுதான் கீழே ஜீப் சத்தம் கேட்டது. நாய் குரைத்தது. தூசிக்குள்ளிருந்து முதலில் நெவ்ரா ஹோஜா குதித்தார். குட்டையான உருவம், வெயிலில் உரிந்த மூக்கு, கழுத்தில் லென்ஸ். பின்னால் தஹ்சின் ஹோஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

"உம்மு! எங்க என் பொண்ணு? வா, காட்டு காட்டு. சாப்பாடெல்லாம் அப்புறம்." நெவ்ரா ஹோஜா அவளைக் கட்டிக்கொண்டார்.

பொய் இரண்டு தயாராக இருந்தது. வாயைத் திறந்ததும் இரண்டும் ஓடிப்போயின.

"ஹோஜா, அது இல்ல. நேத்து... உங்களுக்குப் படம் அனுப்பத்தான் மேல போனேன். அதுக்குள்ள எங்க ஆடு தின்னுடுச்சு. பதினொண்ணும். நான்தான் விட்டுட்டேன். வேற யார் மேலயும் தப்பு இல்ல."

அம்மா மாரில் கை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி! அதான் நேத்து அந்த வாசமா?"

நெவ்ரா ஹோஜாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. அடித்திருந்தால்கூட உம்முஹானுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தஹ்சின் ஹோஜா ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். "ஆக, அஞ்சு மணி நேரம் எலும்பு கழல வந்ததுக்கு, புது இனத்தை ஆடு ருசி பாத்து முடிச்சிடுச்சு. வாழ்த்துகள் நெவ்ரா. கட்டுரையை ஆட்டையே எழுதச் சொல்லு."

"பூ படம் இருக்கு ஹோஜா. கிழங்கும் இருக்கு, தோலோட," என்றாள் உம்முஹான்.

"படம் போன்ல, கிழங்கு மண்ணுல. ரெண்டும் ஒரே செடிதான்னு யாரும்மா சாட்சி? ஒரே செடில தோலும் பூவும் சேர்ந்து என் கையில இருக்கணும். இல்லாட்டி அது கதை. பள்ளிக்கூடக் கதை." குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

உம்முஹான் ஹூரு அக்காவின் வாளியை இரண்டு கையாலும் தூக்கி தஹ்சின் ஹோஜாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். பால் தளும்பி அவர் சட்டையில் தெறித்தது.

"இதை மோந்து பாருங்க."

"என்ன இது?"

"மோந்து பாருங்க ஹோஜா!"

அவர் மோந்தார். சிரிப்பு நின்றது. மறுபடி மோந்தார். "கந்தகம் மாதிரி..."

"நேத்து எங்க பாலு இப்படி அடிச்சுது, அந்தப் பதினொண்ணைத் தின்னதால. இது இன்னிக்குக் கறந்தது. இவங்க வீட்டு ஆடு. எங்க சரிவுக்கு வந்ததே இல்ல. அப்படின்னா வேற எங்கயோ இருக்கு. நிறைய இருக்கு. ரெண்டு வாளிப் பாலு நாறணும்னா நிறைய தின்னிருக்கணும்!"

தஹ்சின் ஹோஜா நெவ்ரா ஹோஜாவைப் பார்த்தார். நெவ்ரா ஹோஜா சத்தில்மிஷைப் பார்த்தார். எல்லாருமே சத்தில்மிஷைப் பார்த்தார்கள்.

அவர் மீசையைத் தடவினார். "ஊத்துப்பக்கம்னு சொன்னேனே."

"மாமா, நான் என் தப்பை எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா? இப்பவும் பயந்தான். நீங்க சொல்லுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

சத்தில்மிஷ் பெண்டாட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார்.

"பனிக்குழி," என்றார்.

ஹூரு அக்காவின் குரல் மலையில் மோதித் திரும்பியது. "பனிக்குழியா! ரொட்டி மேல கை வெச்சு சத்தியம் பண்ணல நீ? மூணு ஆடு விழுந்து செத்த எடத்துக்கு, இனி போகமாட்டேன்னு?"

"வெயிலு. ஆட்டுக்குத் தாகம். பனியை நக்கும்..."

"ஆடு நக்குமா, நீ நக்குவியா? திராட்சைப் பாகை ஊத்திப் பனி தின்னப் போயிருக்கே! அதான் பாகு புட்டி அடி தட்டுதா? டாக்டர் என்ன சொன்னாரு உனக்கு? சக்கரை முந்நூறு! முந்நூறு!"

"ரெண்டு கரண்டிதான்..."

"ரெண்டு கரண்டியா! உன் தலையை அந்தக் குழியிலேயே புதைக்கிறேன் வா."

"புதைக்கிறதுக்கு முன்னாடி வழி காட்டிடட்டும் அக்கா," என்றார் நெவ்ரா ஹோஜா. அவர் ஏற்கனவே பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

ஒரு மணி நேர ஏற்றம். முன்னால் சத்தில்மிஷ், அவர் பின்னால் திட்டிக்கொண்டே ஹூரு, பிறகு நெவ்ரா ஹோஜா, கடைசியில் மூச்சிரைக்கும் தஹ்சின் ஹோஜாவின் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு உம்முஹான். அண்டாவை விட்டுவிட்டு வரமுடியாது என்று அம்மா கீழேயே நின்றுவிட்டாள். ஒருவேளை இதையும் தின்று முடித்திருந்தால்? ஒருவேளை அது வேறு ஏதோ பூண்டாக இருந்தால்?

பனிக்குழி என்பது சுண்ணாம்புப் பாறையில் வானமே ஓட்டை போட்ட மாதிரி, கோடையிலும் அடியில் பனி கரையாத ஒரு பள்ளம். விளிம்பு முழுக்க ஆட்டுப் புழுக்கை. அதோடு கடித்து மிச்சம் வைத்த அடிக்கட்டைகள். நாற்பது, ஐம்பது இருக்கும். ஒன்றில்கூடப் பூ இல்லை.

தஹ்சின் ஹோஜா ஒரு கல்லில் உட்கார்ந்தார். "ம்," என்றார்.

உம்முஹான் பைகளைக் கீழே வைத்தாள். விளிம்பில் குப்புறப் படுத்துத் தலையை வெளியே நீட்டி உள்ளே பார்த்தாள்.

அவளிடமிருந்து ஒரு கத்தல் வந்தது. பாறைப் புறாக்கள் குழியிலிருந்து படபடவென்று கிளம்பின. ஹூரு அக்கா, விழுந்தேவிட்டாள் என்று நினைத்து அவள் காலைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கக்கா! ஹோஜா, இங்க வாங்க! வாங்க!"

ஆடு இறங்க முடியாத ஆழத்தில், வடக்குச் சுவரை ஒட்டிப் பெரிய திட்டு ஒன்று இருந்தது. அதன் கீழே அழுக்குப் பனி இன்னும் கிடந்தது. பனி தாமதமாக விலகியதால் திட்டு முழுக்க இப்போதுதான் பூத்திருந்தது. பச்சையில் ஊதாக்கோடு போட்ட சின்னச் சின்ன மணிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒவ்வொரு கொத்துக்கும் மேலே இரண்டு நீண்ட கொம்பு. நூறு எண்ணினாள், இருநூறு எண்ணினாள், நானூறுக்கு மேல் எண்ணவில்லை.

சத்தில்மிஷ் ஆட்டுமயிர்க் கயிற்றை ஒரு சீமைத்தேவதாரு மரத்தின் அடியில் கட்டினார். எடை குறைந்தவள் என்று உம்முஹான் முதலில் இறங்கினாள். அடுத்து நெவ்ரா ஹோஜா. இடுப்பு வலிக்காரர் மேலேயே இருக்கட்டும் என்று ஹூரு அக்கா சொன்னதுதான் தாமதம், தஹ்சின் ஹோஜா கயிற்றைப் பிடித்துவிட்டார்.

"மெல்ல ஹோஜா. காலை அந்தப் பிளவுல வைங்க," என்றாள் உம்முஹான் கீழேயிருந்து. "அங்க இல்ல, அது செடி! மிதிச்சீங்கன்னா ஆட்டுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. நெவ்ரா ஹோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தஹ்சின் ஹோஜா காலை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

பிறகு அவர் ஈரத்தில் வயிறு பட நீட்டிப் படுத்து லென்ஸைக் கண்ணில் வைத்தார். "எழுது," என்றார். உம்முஹான் நோட்டை எடுத்தாள்.

"தண்டு, இருபத்தெட்டு செண்டிமீட்டர். எழுதிட்டியா? இலை மூணு, உள்ள குழல், அடியில நரைச்ச ரோமம். கொம்பு மாதிரி உறை ரெண்டு, ஒண்ணு மத்ததைவிட ரெட்டை நீளம். பூக்காம்பு சமமா இல்ல. இதழ் ஆறு, மணி மாதிரி... மகரந்தக் காம்பு..." நிறுத்தினார். இன்னொரு பூவை எடுத்தார். அப்புறம் இன்னொன்று. "நெவ்ரா, அந்தச் சாதாரண வகையில மகரந்தக் காம்பு வெளிய நீட்டிக்கிட்டிருக்குமே?"

"ஆமா."

"இதுல உள்ளயே இருக்கு."

"ஆமா."

"நீ சும்மா ஆமா போடாத. கிழங்கைக் காட்டு."

நெவ்ரா ஹோஜா சின்னக் கொத்தியை உம்முஹானிடம் கொடுத்தார். அவள் சுற்றிலும் மண்ணை விட்டு விட்டுத் தோண்டினாள். வேர் அறாமல், தண்டு முறியாமல், பூ உதிராமல் முழுச்செடியையும் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தித் தூக்கினாள். மண்ணைக்கூடத் தட்டவில்லை. வாயால் ஊதினாள். பழுப்பு நிறத்தில், பெட்டி முடைந்தாற்போலக் கண்ணி கண்ணியாக இருந்த மேல்தோல் துளிகூடக் கிழியாமல் வெளிப்பட்டது.

தஹ்சின் ஹோஜா எழுந்து உட்கார்ந்தார். தோலைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், மறுபடி தோலைப் பார்த்தார். மூக்கில் வைத்து முகர்ந்தார். முப்பது வருஷமாக எதைப் பார்த்தாலும் பெயர் சொல்லிக்கொண்டிருந்தவர் அந்த வயதான மனிதர். அவர் உதடு அசைந்தது, பெயர் எதுவும் வரவில்லை.

"எனக்கு இது தெரியாது," என்றார்.

"என்ன? சரியா கேக்கல," என்றார் நெவ்ரா ஹோஜா. அவர் கண் கலங்கியிருந்தது.

"தெரியாதுன்னு சொன்னேன்."

"இன்னும் சத்தமா."

தஹ்சின் ஹோஜா தலையை அண்ணாந்து, குழிக்கு மேலே தெரிந்த வட்ட வானத்தைப் பார்த்து, முழு மூச்சையும் கூட்டிக் கத்தினார். "எனக்கு இது தெரியாது! யாருக்கும் தெரியாது! இது புதுசு!"

தெரியாது, தெரியாது என்று பாறைகள் திருப்பிச் சொல்லின. உம்முஹானும் கத்தினாள். நெவ்ரா ஹோஜாவும் கத்தினார். எந்த வாத்தியார் வாயிலிருந்தும் அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. இவர் ஏதோ பரிசு வாங்கினவர்போல அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே ஹூரு அக்காவின் தலை தெரிந்தது. "என்னடி தெரியாது? மாட்டிக்கிட்டாரா? கயித்தை இழுக்கவா?"

"இழுக்காதீங்கக்கா!" என்று உம்முஹான் சிரித்தபடியே கத்தினாள். மண்ணோடு இருந்த செடியை மார்போடு ஒட்டாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். "இன்னும் வேலை இருக்கு! செடியை அமுக்கி வெக்கிற தாள் கட்டை இறக்கி விடுங்க!"